கோணல் ஆணியின் பின்கதவு

வுப்பர்டால்
14.10.2023

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி காந்தி எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு சொல்கிறது. இந்த ஊரில் படி ஏறாமல் ஓரிடமும் போக ஏலாது. உங்கள் சீனி வருத்தம் எப்படி? மச்சாளின் கண்ணுக்குத் திகதி கிடைத்ததா?

போனில் கதைத்தால் நீங்கள் ஒன்றைக் கேட்டு இன்னொன்றுக்கு மறுமொழி சொல்கிறீர்கள். செல் குண்டு விழுந்து உங்கள் காது போன நாளிலிருந்து நாங்கள் இருவரும் கடிதத்தில்தான் ஒழுங்காகக் கதைக்கிறோம். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் மகள் ஆதிரைதான் வாசித்துக் காட்டுவாள். இதை அவள் வாசிக்க வேண்டாம்.

கோபிக்கக் கூடாது. நான் ஒரு தவறணைக்குப் போய்வருகிறேன்.

பியர் குடிக்க ஆட்கள் கூடுகிற இடம், இங்கே க்னைப்ப என்பார்கள். எங்கள் தெருவுக்கு இரண்டு படிக்கட்டுக் கீழே இருக்கிறது. பெயர் ‘கோணல் ஆணி’. கூரையில் கதிரைகளைத் தலைகீழாக அறைந்து வைத்திருக்கிறார்கள். சோபாவுக்குப் பதிலாக ஒரு பழைய குளியல் தொட்டி, உள்ளே மெத்தை. பாடம் செய்த கொக்கு ஒன்றுக்கு ரயில் பரிசோதகரின் தொப்பி. தெருவில் இருக்கிற எவரும் தாங்கள் கீறிய படத்தைக் கொண்டுவந்து சுவரில் கொழுவலாம். இறைச்சிக்கடைக்காரர் கீறிய குதிரை ஒன்று தொங்குகிறது, நாய் போல. நடத்துபவள் ஹைக்கே என்ற அறுபது வயது மனுசி, முன்பு நாடக மேடைக்குத் தச்சுவேலை செய்தவள்.

நான் எப்படி அங்கே? நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவையறைக்கு ஒரு பிள்ளை கழித்துவிட்ட படுக்கை விரிப்புகள் கேட்டு வந்தாள். என் பெயரட்டையைப் பார்த்துவிட்டு, “அன்ரி, நீங்கள் தமிழோ?” என்றாள். பெயர் பேர்பெச்சுவா. இங்கே பிறந்தவள், தாய் தகப்பன் மன்னாரால் வந்தவர்கள். கோணல் ஆணியின் பின்னறையில் பொம்மலாட்டம் செய்கிறாள். பொம்மைகளுக்கு உடுப்புத் தைக்க ஆள் வேண்டுமாம்.

மூன்று செவ்வாய்க்கிழமை வாசல்வரை போய்த் திரும்பினேன் அண்ணை. எங்கள் ஆட்கள் கண்டால் என்ன கதைப்பார்கள் என்ற பயம் ஒன்று. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம் மற்றது. நாலாம் கிழமை கதவைத் தள்ளினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்தான். பிறகு ஒரு கிழவர் தன் நாயைக் கதிரையிலிருந்து இறக்கிவிட்டு, என்னை இருக்கச் சொன்னார். நான் சூடான ஆப்பிள் சாறு குடித்தேன். வேறொன்றும் குடிப்பதில்லை.

என் மனுசன் காலமான பிறகு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும்தான். மகன் நிசாந்தும் வேலைக்கென்று கார்ல்ஸ்ரூஹேக்குப் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை மட்டும் எனக்கு ஒரு நாள்போல இருக்கிறது.

மச்சாளுக்கும் ஆதிரைக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை
காந்தி


சுன்னாகம்
9.11.2023

அன்புத் தங்கச்சி காந்திக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மச்சாளுக்கு மாசியில் சத்திரசிகிச்சை. சீனி கூடிக் குறைந்து ஓடுகிறது. நான் அதைக் கவனிப்பதில்லை, அது என்னைக் கவனிக்கிறது.

தவறணை என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தேன். கடிதத்தை இரும்புக்கடைப் பழைய கணக்குக் கொப்பிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நீ குடிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உடுப்புத் தைப்பதும் நல்லதுதான். தனியே இருந்து சுவரைப் பார்ப்பதிலும் அது மேல்.

ஆனால் காந்தி, பலர் கூடுகிற இடத்தில் பலதும் நடக்கும். உன் வேலையை முடித்தால் எழும்பி வா. யார் யாரோடு சண்டை, யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் உனக்கு வேண்டாம். கண்ணைத் தையலில் வைத்திரு. இதை அண்ணை வயது போய்ப் புலம்புகிறார் என்று எடுக்காதே.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

அண்ணை
சிவகுருநாதன்


வுப்பர்டால்
3.12.2023

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். உங்கள் எல்லோரின் நலமும் அதுவாகட்டும். மச்சாளைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே அந்தச் சத்திரசிகிச்சைக்குக் காலையில் போய் மத்தியானம் வீடு வருகிறார்கள்.

பதினேழு பொம்மைக்கு உடுப்புத் தைத்துவிட்டேன். ஒரு மந்திரிக்குப் பழைய காற்சட்டைப் பொத்தான்களால் பதக்கம். பேர்பெச்சுவா அவற்றைக் கையில் போட்டுக்கொண்டு எங்கள் தமிழில் திட்டுவாள். விளங்காத ஜெர்மன்காரர்கள் வயிறு பிடித்துச் சிரிப்பார்கள். அவளுக்கு விரல்களால் கதைக்கத் தெரியும் அண்ணை.

ஒரு விஷயம். கோணல் ஆணியின் கதவில் யாரோ ஒட்டுப்படங்கள் ஒட்டுகிறார்கள். வெளிநாட்டவர் வெளியேறு என்ற மாதிரி. ஹைக்கே கத்தியால் சுரண்டி எடுப்பாள், அடுத்த நாள் திரும்ப இருக்கும். பெயரில்லாக் கடிதம் ஒன்றும் வந்ததாம். அவள் அதைச் சட்டம் போட்டுக் குதிரைப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று எங்கள் கட்டிடத்து ஹவுஸ்மைஸ்டர் படியில் மறித்தார். ஹெர் ஸ்டெங்கல் என்று பெயர், கட்டிடத்தைப் பராமரிப்பவர், கீழ்த்தட்டில் மனைவியோடு இருக்கிறார். என் மனுசன் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது ஒரு ஞாயிறு காலையில் வந்து வெப்பமூட்டியைத் திருத்தித் தந்தவர். அந்த நாட்களில் அவசரத்துக்கென்று எங்கள் வீட்டுப் பூட்டின் திறப்பு ஒன்றை நானே அவரிடம் கொடுத்தேன். “அந்தக் கூட்டத்தோட உங்களுக்கு என்ன வேலை? நீங்கள் ஒழுங்கான மனுசி” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் கண்ணைத் தையலில்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்
காந்தி


வுப்பர்டால்
21.1.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

சென்ற செவ்வாய் பின்னேரம் நாலரை மணிக்குக் கோணல் ஆணியில் தீ. பின்னறையில் தொடங்கியது. நான் ஒருவரையும் காணவில்லை. தைத்த உடுப்புகளோடு பின்முற்றத்தால் போனேன், அங்கே புகை. முன்பக்கம் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். பின்னறையில் பேர்பெச்சுவா தனியே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. இடது கை எரிந்துவிட்டது.

பொலிஸ் எல்லோரையும் கேட்டது. தானாகப் பிடித்த தீ இல்லையாம், பெற்றோல் மணத்ததாம். நான் ஒருவரையும் காணவில்லை என்று சொன்னேன். பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார்கள். கொக்கும் எரிந்துவிட்டது, என் பதினேழு பொம்மைகளும்.

நிசாந்த் போன் எடுத்து, “அம்மா, கொஞ்ச நாளைக்கு இஞ்ச வாங்கோ” என்கிறான். போனால் ஏன் போனேன் என்று யாராவது கேட்பார்கள். நான் ஒருவரையும் காணவில்லை அண்ணை.

எழுத்துக் கோணலாயிருந்தால் மன்னிக்கவும். மச்சாளின் கண் நல்லபடி முடியட்டும்.

காந்தி


சுன்னாகம்
12.2.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. உன் சுகம் கண்டு நிம்மதி. மச்சாளுக்குக் கண் கட்டு அவிழ்த்தாயிற்று. என் முகத்தைப் பார்த்து “இவ்வளவு கிழண்டிட்டியளோ” என்கிறாள்.

ஒருவரையும் காணவில்லை என்று ஒரே கடிதத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் எழுத வேண்டாம். காணவில்லை என்று சொன்னாய், அது சரி, அதையே சொல். பத்து முறை கேட்டாலும் அதையே சொல். அந்தப் பிள்ளைக்காக நானும் கும்பிடுகிறேன். அவளுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, அரசாங்கம் இருக்கிறது. உன் சின்னண்ணை முகுந்தனுக்கு நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். அவன் கண்டதைப் போய்ச் சொன்னான். பதினோராம் நாள் அவனைக் கொண்டு போனார்கள்.

இதை வாசித்ததும் கிழித்துவிடு.

அண்ணை


வுப்பர்டால்
2.3.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மச்சாளின் கண் பற்றிச் சந்தோஷம். நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை. இந்த மொழியில் என்னோடு பேச வேறு யார்?

நான் கண்டேன்.

பின்முற்றத்தில் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கோணல் ஆணியின் பின்கதவால் ஹெர் ஸ்டெங்கல் வெளியே வந்தார். கையில் நீலக் கலன். தொப்பியை இழுத்துவிடும்போது முகம் முழுவதும் தெரிந்தது. கதவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டாரா என்று தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் ஆறு கிழமையாக நித்திரை கொள்கிறேன்.

போன வியாழன் மணி அடித்தது. திறக்காமல் நின்றேன். திறப்பு ஓட்டைக்குள் இன்னொரு திறப்பு நுழைகிற சத்தம். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. அவர்தான்.

“ஓ, நீங்கள் வீட்டில நிக்கிறியளோ? வெப்பமூட்டி பார்க்கவேணும்.”

“அது நல்லா வேலை செய்யுது” என்றேன்.

“அண்டைக்கு அந்த நெருப்பு. நீங்கள் அங்க போகேல்லைத்தானே? நீங்கள் செவ்வாய்க்கிழமைதானே போறனீங்கள்?”

“போக வெளிக்கிட்டனான். முழங்கால் நோ. திரும்பிட்டன்.”

சங்கிலி இடுக்கால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “நல்லது. முழங்காலைக் கவனியுங்கோ. இந்தப் படியில விழுந்தா ஆபத்து” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணை, அது அக்கறையோ, வேறென்னவோ? எனக்குச் சொல்லுங்கள். இப்போது கதவுக்கு முன்னால் தையல் மிசினை இழுத்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். படியில் காலடி கேட்டால் எத்தனையாம் தட்டில் நிற்கிறது என்று எண்ணுகிறேன்.

காந்தி


சுன்னாகம்
20.3.2024

அன்புக் காந்திக்கு,

மச்சாளும் ஆதிரையும் சுகம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதலில் பூட்டு. நாற்பது வருடம் இரும்புக்கடையில் நின்றவன் சொல்கிறேன். கதவின் ஓரப்பக்கத்தில், பூட்டு நாக்குக்குக் கீழே ஒரு நீளத் திருகாணி இருக்கும். அதைக் கழற்று. திறப்பைப் போட்டுக் கொஞ்சம் திருப்பினால், திறப்பு நுழைகிற உருளை வெளியே வரும். இரண்டு பக்க நீளத்தையும் அளந்துகொண்டு போய், அதே அளவில் புதிதாக வாங்கு. பின்பக்கத்தில் படம் கீறியிருக்கிறேன். யாரையும் கூப்பிடாதே, நீயே செய். பத்து நிமிட வேலை. இன்றைக்கே செய்.

இரண்டாவது. நிசாந்திடம் போய் இரு. முழங்கால் என்று சொல். வேலைக்கு மருத்துவச் சீட்டுக் கொடு. அந்த வீட்டை விடு.

மூன்றாவது. பொலிசுக்குப் போகாதே. அது ஜெர்மனி, இங்கே போல இல்லை என்று நீ நினைப்பாய். அவனுக்கும் மனைவி, தம்பி, கூட்டாளிகள் இருப்பார்கள். பொலிஸ் உன் வாசலில் எத்தனை நாள் நிற்கும்? உன் மூத்த அண்ணனாகச் சொல்கிறேன், போகாதே. கெஞ்சிச் சொல்வதென்றாலும் சொல்கிறேன்.

அண்ணை


வுப்பர்டால்
14.4.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் எல்லோரின் சுகத்தையும் வேண்டுகிறேன். பூட்டை மாற்றிவிட்டேன். உங்கள் படம் சரியாகவே இருந்தது. பத்து நிமிடம் இல்லை, ஒன்றரை மணித்தியாலம்.

பிறகு பொலிசுக்குப் போனேன்.

என்னைத் திட்டுவதற்கு முதல் இதை வாசியுங்கள். ஆஸ்பத்திரியில் நான் விரிப்பு மடிக்கிற இடத்துக்கு மேலே மூன்றாம் மாடியில்தான் பேர்பெச்சுவா இருந்தாள். இரண்டு மாதமாக ஒருமுறையும் ஏறிப் போகவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் போனேன். கையில் தோல் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு விரல் மடங்காது. “பாருங்கோ அன்ரி, ராசா நடப்பார், மந்திரி நடக்கமாட்டார்” என்று மற்ற விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

உங்களுக்கும் எழுதாத ஒன்றை அப்போது அவளிடம் சொன்னேன். ஸ்டெங்கல் வெளியே வந்தபிறகு இரண்டு பியர்ப் பெட்டிகளை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அவள் கதவைத் தள்ளினாள். அடித்தாள். என் பெயரைச் சொல்லவில்லை, நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது. “ஆராவது” என்று தமிழில் கத்தினாள். நான் தொட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன் அண்ணை. அவர் திரும்பி வருவாரோ என்று முற்றத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகுதான் ஓடிப்போய்ப் பெட்டிகளை இழுத்தேன். கதவின் இரும்பை உள்ளிருந்து பிடித்துத் தள்ளிய கைதான் அது.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். “கதவைத் திறந்தது நீங்கள் எண்டு தெரியும் அன்ரி. பிந்தினது தெரியாது. இப்ப போங்கோ” என்றாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. சலவை உடுப்போடேயே பொலிசுக்குப் போனேன். முப்பத்திரண்டு வருடம் கதைத்த ஜெர்மன் அந்த மேசைக்கு முன்னால் ஒரு சொல்லும் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் வந்தார், சுந்தரராஜன் என்ற இந்தியத் தமிழர். “டென்ஷன் ஆகாதீங்க மேடம், ஸ்லோவா சொல்லுங்க” என்றார். நான் ‘அவர் கதவடியில நிண்டவர்’ என்றால் அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கே ஸ்டெங்கலைக் கொண்டு போய்விட்டார்கள். நிலவறையில் கலனும் ஒட்டுப்படக் கட்டும் அகப்பட்டனவாம். அவர் மனைவி கீழ்த்தட்டில்தான் இருக்கிறாள். என்னைக் கண்டால் கதவை மெதுவாகச் சாத்துகிறாள். அறைந்து சாத்தினாலும் எனக்கு இவ்வளவு பயமாயிராது.

கோபித்தாலும் எழுதுங்கள்.

காந்தி


வுப்பர்டால்
26.5.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? ஆறு கிழமையாக உங்களிடமிருந்து கடிதமில்லை. ஆதிரையைக் கேட்டால், ‘அப்பா சுகம் மாமி, சாப்பாடுதான் குறைவு, ஒண்டும் கதைக்கிறாரில்லை’ என்று எழுதுகிறாள்.

வழக்கு வருகிற மாதம், ஆனி 18. சாட்சியாக வரச்சொல்லி நீதிமன்றத் தாள் வந்திருக்கிறது. ஸ்டெங்கல் இருக்கிற அறையிலேயே நான் இருக்க வேண்டும். முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்களாம். தபால் பெட்டியில் நேற்று ஒரு வெறும் கடித உறை கிடந்தது, பெயரில்லை, உள்ளே ஒன்றுமில்லை. தபால்காரரின் தவறாயிருக்கலாம். நான் அதைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துப் பொலிசுக்குக் கொடுத்தேன்.

நிசாந்துக்கு இப்போது எல்லாம் தெரியும். கத்தினான், பிறகு அழுதான். அன்றைக்கு லீவு எடுத்து வருகிறான்.

எனக்கு ஏலாது போல இருக்கிறது அண்ணை. போகாதே என்று இன்னொரு முறை எழுதினால் போகமாட்டேன் என்றும் தோன்றுகிறது. அதனால் எழுதுங்கள் என்று கேட்கவும் பயம்.

காந்தி


சுன்னாகம்
29.5.2024

அன்புக் காந்திக்கு,

நீ பொலிசுக்குப் போன கடிதம் சித்திரைக் கடைசியிலேயே வந்தது. ஐந்து முறை மறுமொழி எழுதிக் கிழித்தேன். என் மௌனத்தைக் கோபம் என்று நினைத்திருப்பாய்.

முகுந்தனைப் பற்றி உனக்கு நாங்கள் சொன்னது, அவன் தானாகப் போய் விசாரணையில் சொன்னான் என்று. அப்படியில்லை.

எண்பத்தெட்டில் தெருவில் எதிரே இருந்த அச்சகக்காரரை ஆயுதக்காரர்கள் இழுத்துக்கொண்டு போன அன்று முகுந்தன் தனியே நிற்கவில்லை. அவனுடைய சைக்கிள் கடைக்கு நான் ரியூப் மாற்றப் போயிருந்தேன். இரண்டு பேரும் ஒரே யன்னலால் பார்த்தோம். வந்தவர்களில் ஒருவனை எனக்குத்தான் தெரியும். கடையில் என்னிடம் ஆணி வாங்குகிறவன். பெயரையும் நான்தான் முகுந்தனுக்குச் சொன்னேன்.

அச்சகக்காரரின் மனைவி வந்து காலில் விழுந்தாள். மச்சாள் அப்போது ஏழு மாதம், முதற்பிள்ளை. நான் முகுந்தனிடம், “நீ போய்ச் சொல்லு, நீ தனியாள், உனக்கு ஒண்டும் நடக்காது” என்றேன். அவன், “அண்ணை, எனக்குப் பயமாக்கிடக்கு” என்றான். என் சைக்கிள் பாரில் இருத்தி, விசாரணை நடந்த இடத்துக்கு நானே கொண்டு போய் விட்டேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே போகவில்லை. நானும் பார்த்தேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. மச்சாளுக்கு இன்றுவரை தெரியாது.

முப்பத்தாறு வருடம்.

நீ குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்ததை எழுதியிருந்தாய். நீ எழும்பி வந்துவிட்டாய் காந்தி. நான் இன்னும் அந்த மரத்தடியிலேயே நிற்கிறேன்.

இனி வழக்கென்று சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். போகாதே என்று உனக்கு எழுத எனக்கு வாயில்லை. போ என்று எழுதவும் பயமாயிருக்கிறது. ஒருமுறை அப்படிச் சொன்னவன். நீயே முடிவு செய். கதவைப் பூட்டு.

அண்ணை


வுப்பர்டால்
30.6.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நிசாந்தும் சுகம். இதை முழுவதும் வாசித்துவிட்டுச் சாப்பிடுங்கள், ஆதிரையிடம் கேட்டறிவேன்.

உங்கள் கடிதம் ஆனி 18 காலை, வீட்டை விட்டு இறங்கும்போது பெட்டியில் கிடந்தது. நான் உடைக்கவில்லை. போகாதே என்று இருக்கும் என்ற பயம். கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

நீதிமன்றத்தில் ஸ்டெங்கல் இஸ்திரி போட்ட சேட்டோடு இருந்தார், மெலிந்திருந்தார். என் மனுசனுடைய அறை வெப்பமூட்டியைத் திருத்த முழங்காலில் இருந்த ஆள்தான். யார் கலனோடு வந்தது என்று கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சட்டத்தரணி எழும்பினார். எத்தனை மீற்றர், எந்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன், எவ்வளவு இருட்டு என்று கேட்டார். பிறகு, “முதல் நாள் ஒருவரையும் காணவில்லை என்று கையெழுத்து வைத்தீர்கள். அப்போது பொய்யா, இப்போது பொய்யா?” என்றார்.

“அப்ப பொய்” என்றேன். “பயத்தில சொன்னனான்.”

நீதிபதி ஒரு பெண். “இவருக்குப் பயந்தீர்களா?” என்று கேட்டார்.

“இவருக்கும்தான். ஆனா அதைவிட, சாட்சி சொல்லுறதுக்கு. எங்கட வீட்டில சாட்சி சொன்ன ஒருத்தர் திரும்பி வரேல்லை.”

சுந்தரராஜன் தண்ணீர் குடித்துவிட்டு அதை மொழிபெயர்த்தார். அந்தச் சட்டத்தரணி வேறு கேள்வி கேட்காமல் இருந்துவிட்டார். பெட்டிகளைப் பற்றியும் சொன்னேன், நான் குந்தியிருந்ததையும். அதை ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பேர்பெச்சுவா பின்வரிசையில் இருந்தாள். முடிந்ததும் நடைவழியில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். பிறகு, “அன்ரி, ஹைக்கே வைகாசியில திரும்பத் திறந்திட்டா. புதுப் பொம்மை எல்லாம் வெறும் மேலோட கிடக்கு” என்றாள். அவ்வளவுதான். அது மன்னிப்பு என்று நான் எடுக்கவில்லை. ஆனால் துணி வெட்டத் தொடங்கிவிட்டேன்.

சென்ற வெள்ளி தீர்ப்பு. ஏழு வருடம். அவர் மனைவி வீடு மாறிப் போகிறாள். படியில் அவளுடைய பெட்டி ஒன்றைத் தூக்க நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். காலடிச் சத்தத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அன்று பின்னேரம் தொங்குரயிலில், ஆற்றுக்கு மேலே போகும்போது உடைத்தேன். நிசாந்த் “என்னம்மா?” என்றான். கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

இரண்டு நாள் உங்களோடு கோபமாயிருந்தேன் அண்ணை. மறைக்கவில்லை. சின்னண்ணை ‘பயமாக்கிடக்கு’ என்று சொன்னான் என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். அவன் பயமறியாதவன் என்று இத்தனை வருடம் நினைத்து, என்னைக் கோழை என்று திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் உங்கள் சீனியையும் நினைத்தேன்.

அவனைக் கொண்டு போனது நீங்களில்லை. கொண்டு போனவனின் பெயர் உங்களுக்குத் தெரியும்.

காந்தி


சுன்னாகம்
24.7.2024

அன்புக் காந்திக்கு,

உன் கடிதம் இந்த ஆடி மாதம் 15 வந்தது. சாப்பிடுகிறேன். சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

அன்றைக்கே மச்சாளிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “ஏழு மாச வயித்தோட இருந்த என்னைச் சாட்டாச் சொன்னீங்களோ” என்றாள். மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் விடிய, “வெளிக்கிடுங்கோ, நானும் வாறன்” என்றாள்.

காணாமற்போனவர்களின் விபரம் பதிகிற இடத்துக்குப் போனோம். நாங்கள் முகுந்தனை இதுவரை பதியவில்லை, உனக்குத் தெரியும். ஏன் பதியவில்லை என்று உனக்கு இப்போது தெரியும். மூன்று மணித்தியாலம் வாங்கில் இருந்தோம். இரண்டு முறை எழும்பினேன். மச்சாள் சேட்டைப் பிடித்து இருத்தினாள்.

ஆதிரையின் வயதுள்ள ஒரு பிள்ளை, படிவம் நிரப்புகிறாள். என் காதுக்காகக் கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டினாள். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். பிறகு, ‘கண்ட சாட்சி யாராவது உண்டா?’ என்று எழுதினாள்.

பேனையை அவளிடமிருந்து வாங்கினேன். அச்சகக்காரரை இழுத்துப் போனதிலிருந்து தொடங்கினேன். ஆணி வாங்குகிறவனின் பெயரை எழுதும்போது கை நின்றுவிட்டது. அவன் இப்போது உயிரோடு இருக்கிறானோ தெரியாது. பிள்ளைகள் இருப்பார்கள். மச்சாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினேன். கீழே என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு விலாசத்தையும் முழுவதுமாக எழுதினேன்.

ஆறு நாளாகிறது. நேற்று வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. நான் கிணற்றடிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மச்சாள் போய்ப் பார்த்தாள். கரண்டு பில்.

எனக்குப் பயமாயிருக்கிறது காந்தி. அறுபத்தாறு வயதில் இதை முதன்முதலாக எழுதுகிறேன். நீ எப்படி நித்திரை கொள்கிறாய் என்று எழுது.

அண்ணை
சிவகுருநாதன்